ஓடாவியார் தந்த சவள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நீர்கொழும்புக்குச் செல்லும் 240ஆம் இலக்க பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கையிலே ஏழடி நீளமான பொதியொன்று. மனைவியின் பழைய பருத்திச் சேலையினால் சுற்றி, மூன்று இடங்களில் சணல் கயிற்றினால் கட்டியிருந்தேன். பஸ் நடத்துநர் பொதியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"மஹத்தயா, மே மொகத்த?"

"ஹபலக்" என்றேன். துடுப்பு.

அவருடைய பார்வை துடுப்பிலிருந்து என் நரைத்த தலைக்கும், தடித்த கண்ணாடிக்கும், தோளில் தொங்கிய பத்திரிகைக்காரனின் பழைய பைக்குமாக மாறி மாறிச் சென்றது. நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனினும் பின்கதவால் ஏற அனுமதித்தார். பொதிக்கும் சேர்த்து இரண்டு டிக்கட் கிழித்தார்.

பஸ் புறப்பட்ட பின்னரும் என் நெஞ்சு சற்றுப் படபடத்துக்கொண்டிருந்தது. காரணம் நடத்துநர் அல்லர். புறக்கோட்டையில் சேலையால் சுற்றிய நீண்ட பொதியொன்றுடன் ஒரு தமிழன் நிற்பது என்பது, என் வாழ்நாளின் பெரும்பகுதியில் நினைத்துப் பார்க்கவே இயலாத காரியமாக இருந்தது. 1987ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி இதே பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிந்திய இருபத்திரண்டு ஆண்டுகளில், கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே எத்தனை தடவைகள் என் பை கிளறப்பட்டிருக்கும், எத்தனை தடவைகள் அடையாள அட்டையை நீட்டியிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. இன்று யாரும் கேட்கவில்லை. ஆயினும் உடம்பு பழசை மறப்பதில்லை. பொதியை அவிழ்த்துக் காட்டுவதற்கு ஆயத்தமாக, கயிற்றின் முடிச்சை இலகுவில் இழுக்கக்கூடியதாகவே போட்டிருந்தேன் என்பதை பஸ்ஸில் அமர்ந்த பின்னர்தான் கவனித்தேன்.

ஐம்பத்துமூன்று வயதில் எனக்கேன் துடுப்பு என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரியும் ஒழுங்கையொன்றில் முப்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். மாலையில் தண்டவாளத்தைக் கடந்து சென்று பாறைகளில் அமர்ந்து கடலைப் பார்ப்பேன். கால் நனைத்ததில்லை. கடலின் மீது எனக்கு இருந்தது ரசனையன்று, அச்சம். அந்த அச்சத்துக்கு இரண்டு திகதிகள் உண்டு.

முதலாவது 1983 ஜூலை. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் தந்தையார் வைத்திருந்த மிளகாய், வெங்காய மொத்தக்கடை எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் சில நாள்கள் கிடந்தபின், 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டு, கொழும்புத் துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சென்றோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கப்பலின் இரும்புத் தளத்தில் வாந்தியெடுத்தபடி கிடந்த அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த கடல்தான் நான் முதன்முதலாக நெருங்கிப் பார்த்த கடல்.

இரண்டாவது 1993 ஏப்ரல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்து, கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்து வந்துகொண்டிருந்தேன். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம். கிளாலியிலிருந்து கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடப்பதுதான் ஒரே வழி. அவ்வாண்டு ஜனவரியில் அந்த நீரேரியைக் கடந்த பொதுமக்கள் பலர் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டிருந்தனர். ஆயினும் சனம் போய்க்கொண்டுதான் இருந்தது. மருந்துக்கும், படிப்புக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும், வேலைக்கும் வேறு பாதை இருக்கவில்லை.

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளமொன்று, வேறு நான்கைந்து வள்ளங்களைக் கயிற்றில் பிணைத்து இழுத்துச் செல்லும். எங்களுடையது கடைசி வள்ளம். நடு நீரேரியில், நிலவில்லாத இருட்டில், அந்தக் கயிறு அறுந்தது. முன்னே சென்ற இயந்திரத்தின் ஒலி தூரத்தே தேய்ந்து மறைந்தது. வள்ளக்காரரிடம் இருந்தவை ஒரு மரக்கோலும் ஒரு சவளும் மட்டுமே. கோலைத் தான் எடுத்துக்கொண்டு, அருகிலிருந்த இளைஞனாகிய என்னிடம் சவளை நீட்டினார்.

"தம்பி, வலியும்."

வலித்தேன். அதாவது, வலிப்பதாக நினைத்துக்கொண்டு தண்ணீரை அடித்தேன். வள்ளம் முன்னே செல்லாமல் வட்டமடித்தது. தண்ணீர் தெறித்த ஓசை அந்த மௌனத்தில் இடிபோலக் கேட்டது. குழந்தையொன்று அழத் தொடங்கியது. சற்று நேரத்தில் பின்னாலிருந்த ஒரு மூதாட்டி எட்டி என் கையைப் பிடித்தார்.

"இஞ்சை தா மேனை. நீ படிச்ச பிள்ளை போலை கிடக்கு."

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. சவளை வாங்கி, ஒரு காலை மடித்து அமர்ந்து, ஓசையே எழாமல் வலித்தார். முக்கால் மணி நேரத்தின் பின்னர் இயந்திர வள்ளம் எங்களைத் தேடித் திரும்பி வந்தது. மறுகரையில் இறங்கியபோது அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லவும் எனக்கு நா எழவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். கிளாலியைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அந்தச் சவளைப் பற்றி மட்டும் எழுதியதில்லை.

எனது ஐம்பத்துமூன்றாவது பிறந்தநாளன்று மகள் ஒரு கடித உறையைத் தந்தாள். நீர்கொழும்புக் களப்பில் கயாக் ஓட்டப் பழக்கும் ஓரிடத்தில் ஆறு வகுப்புகளுக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு. "அப்பா, முப்பது வருசமாக் கடலைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள். ஒருக்கா இறங்கித்தான் பாருங்கோவன்" என்றாள். அவளுக்குக் கிளாலிக் கதை தெரியாது. மறுப்பதற்குக் காரணம் சொல்லப் போனால் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே சம்மதித்தேன்.

கயாக் என்பது ஒருவர் அல்லது இருவர் கால் நீட்டி அமரும் ஒடுங்கிய படகு. ஆர்க்டிக் பிரதேசத்தின் இனுயிட் மக்கள், சீல் என்னும் கடல்நாயின் தோலை மரச்சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்து, வேட்டைக்கெனச் செய்துகொண்ட கலம் அது. இன்று பிளாஸ்ரிக்கிலும் கண்ணாடியிழையிலும் வார்த்தெடுக்கிறார்கள். இரு முனைகளிலும் அலகுள்ள ஒரே துடுப்பினால் இடமும் வலமுமாக மாறி மாறி வலிக்க வேண்டும். பேரே வாவியிலே, 1864இல் தொடங்கப்பட்ட கொழும்பு படகோட்டக் கழகத்தின் நீண்ட படகுகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே புலப்படும். அங்கே தண்டு வலிப்பவர்கள் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வார்கள். தண்டு படகின் விளிம்பில் கொளுவப்பட்டிருக்கும். கயாக்கிலோ முகம் முன்னோக்கியிருக்கும். துடுப்பு எதிலும் கொளுவப்படுவதில்லை. அதன் பாரம் முழுவதையும் ஓட்டுபவரின் கைகளே தாங்க வேண்டும். எனவே துடுப்பின் நிறை மிக முக்கியமானது. அதை நான் தோள்பட்டையால் கற்றுக்கொண்டேன்.

முதல் வகுப்பில் அலுமினியக் குழாயும் பிளாஸ்ரிக் அலகுகளும் கொண்ட துடுப்பொன்றைத் தந்தார்கள். பயிற்றுநர் என் மகளின் வயதுடைய நீர்கொழும்பு இளைஞர். "அங்கிள், கையால இழுக்காதீங்க, இடுப்பால திரும்புங்க" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நான் கையால்தான் இழுத்தேன். முதல் அரை மணி நேரத்துக்குள் கவிழ்ந்தேன். நீருக்குள் தலைகீழாக இருந்த அந்தச் சில விநாடிகளில் கிளாலியின் இருட்டு அப்படியே திரும்பி வந்தது. பின்னர் உயிர்காப்பு அங்கி என்னை மேலே தூக்கியது. சூரியன் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீர். இளைஞர் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

இரண்டு வகுப்புகள் முடிய வலது தோள் தூக்க இயலாமல் போயிற்று. உள்ளங்கைகள் கொப்பளித்தன. அகலமான அலகு ஒவ்வொரு வலிப்பிலும் நிறையத் தண்ணீரைப் பிடிக்கிறது. வலுவும் முறையும் உள்ளவருக்கு அது வேகம். என்னைப் போன்ற வயதான தொடக்கநிலை மாணவனுக்கு அது முழங்கைக்கும் தோளுக்கும் விழும் அடி. பத்திரிகைக்காரனுக்கு நோவு வந்தால் வைத்தியரிடம் போகும் முன்னர் வாசிக்கத்தான் போவான். வாசித்தேன். கிறீன்லாந்து மக்களின் மரபுவழித் துடுப்பு முற்றிலும் வேறு என்று அறிந்தேன். அலகு நான்கு விரல் அகலத்துக்குச் சற்றே கூடுதலானது. மரத்தாலானது. நீளத்தைச் சென்ரிமீற்றரில் எவரும் சொல்வதில்லை. இரு கைகளையும் விரித்த நீளத்துடன் ஒரு முழம். கைப்பிடிக்கும் பகுதி தோளளவுக்குச் சற்றுக் கூட. ஓட்டுபவரின் உடம்பே அளவுகோல்.

இதைச் செய்விப்பது எளிதென நினைத்தேன். மரக்காலையொன்றுக்குச் சென்று, "தண்ணீரில் பழுதாகாத நல்ல மரம்" என்று கேட்டு, தேக்கம் பலகையொன்றை வாங்கி, தளபாடம் செய்யும் ஒருவரிடம் கொடுத்து ஒரு துடுப்புச் செய்வித்தேன். கண்ணைப் பறிக்கும் அழகு. வார்னிஷ் பூசிக் கண்ணாடிபோல் பளபளத்தது. நிறுத்துப் பார்த்தபோது ஒன்றரைக் கிலோ. அந்த வார்னிஷும் ஈரத்தில் வழுக்கியது. இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு ஐம்பது வலிப்பு என்றால் மணித்தியாலத்துக்கு மூவாயிரம். ஒவ்வொரு வலிப்பிலும் அறுநூறு கிராம் அநாவசியமாகத் தூக்கினால், ஒரு மணித்தியாலத்தில் ஆயிரத்து எண்ணூறு கிலோவைச் சும்மா தூக்கியிருக்கிறேன் என்று கணக்கு வந்தது. தந்தையாரின் கடையில் நாட்டாமைமார் நாள் முழுவதும் சுமந்த வெங்காய மூட்டைகள் நினைவுக்கு வந்தன. அவர்களுக்காவது கூலி கிடைத்தது.

அப்போதுதான் நண்பரொருவர் கொட்டாஞ்சேனையில் ஓர் ஓடாவியார் இருப்பதாகச் சொன்னார். மயிலிட்டிக்காரர். வள்ளம் கட்டும் குடும்பம். 1990இல் இடம்பெயர்ந்து, பல முகாம்களைக் கண்டு, கொழும்புக்கு வந்து, ஒழுங்கையொன்றின் கோடியில் கதவு, யன்னல் திருத்தி வாழ்ந்துகொண்டிருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல். தேக்கந்துடுப்பைக் கையில் வாங்கி ஒரு முறை சமன் பார்த்துவிட்டு மூலையில் சாத்தினார்.

"இது நல்ல சாமான் தம்பி. கதிரைக்கால்."

படங்களைக் காட்டினேன். இரண்டு பக்கமும் அலகுள்ளது அவருக்குப் புதுமையாக இருந்தது. "இரண்டு சவளை ஒண்டாக்கின மாதிரி" என்றார். நான் அளவு நாடாவை எடுத்தபோது கையால் தடுத்துவிட்டு, என்னைச் சுவரோடு நிற்கச் சொன்னார். கையை மேலே உயர்த்தி, விரல்களை மடித்து எதையோ பற்றுவதுபோல் வைக்கச் சொன்னார். அந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு கீறு போட்டார். தரையிலிருந்து கீறு வரை பின்னர் நாடா பிடித்துப் பார்த்தேன். ஏழடி. கைவிரிப்பும் ஒரு முழமும் சேர்ந்தால் என் உடம்புக்கு வரும் அளவும் ஏறத்தாழ அதுவே. ஆர்க்டிக்கின் பனிக்கரையிலும் மயிலிட்டிக் கரையிலும் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் உடம்பு எங்கும் உடம்புதான்.

மரத்தையும் அவரே தெரிவுசெய்தார். சிங்களத்தில் லுனுமிதெல்ல எனப்படும் மலைவேம்பு. தென்பகுதி மீனவர் தமது ஒருவவின் பக்கமிதவைக்குப் பயன்படுத்தும் இலேசான மரம். மூன்று காலைகள் ஏறி இறங்கினோம். பலகைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி, வரி பார்த்தார். கண்ணுள்ள பலகை வேண்டாம், வரி விளிம்பை வெட்டிக்கொண்டு ஓடும் பலகை வேண்டாம். அந்த இடத்தில்தான் முறியும் என்றார். கடைசியில் கிடைத்த பலகை, நுனியிலிருந்து அடிவரை கோடு கிழித்தாற்போல நேர்வரி கொண்டது.

நான்கு சனிக்கிழமைகள் அவருடைய திண்ணையில் அமர்ந்து பார்த்தேன். சீவுளியால் இழைத்து, உளியால் பிடித்து, ஈற்றில் உடைந்த கண்ணாடித் துண்டொன்றால் சுரண்டினார். சிறிது சுரண்டுவார், முனைகளைத் தாங்கி நடுவில் அழுத்தி வளைவு பார்ப்பார், மறுபடி சுரண்டுவார். "சவள் எண்டால் சவள வேணும்" என்றார். சவளுதல் என்றால் துவளுதல், வளைந்து கொடுத்தல். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த எனக்கு அந்தப் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் அருகருகே இருப்பது அன்றுவரை தோன்றியதில்லை. கையில் வைத்திருந்தவருக்கு அகராதி தேவைப்படவில்லை.

வார்னிஷ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஊரிலை எண்டால் சுறா எண்ணெய். உம்மை வீட்டுக்குள்ளை விடமாட்டினம்" என்று சிரித்தார். புறக்கோட்டை குவாரி வீதியில் ஆளிவிதை எண்ணெய் வாங்கிக்கொண்டு போனேன். பழந்துணியில் தொட்டு, சூடேறும்வரை தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். அன்று குவாரி வீதியிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே சென்றேன். இந்தப் புறக்கோட்டையும் ஒரு காலத்தில் துடுப்பும் கோலும் அறிந்த இடந்தான். பேரே வாவியையும் களனி கங்கையையும் இணைத்த சென் செபஸ்தியன் கால்வாய் வழியே சரக்குத் தோணிகள் இங்கே வந்து சென்றன. களனிக்கு அப்பால் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்களும், பின்னர் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய ஹமில்டன் கால்வாயும் அந்த நீர்வழியை நீர்கொழும்புப் பக்கமாக நீட்டின. நான் 240 பஸ்ஸில் போகும் பயணத்தை அக்காலத்தவர் தோணியில் போயிருப்பார்கள். இரண்டாவது டிக்கட் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிறுத்துப் பார்த்தபோது சவள் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது.

அதனுடன் களப்பில் இறங்கிய முதல் நாள் எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. அலகு நீருக்குள் நடுங்கியது. இடமும் வலமுமாக வழுக்கியது. பயிற்றுநருக்கும் இந்த ஒடுங்கிய துடுப்புப் புதிது. "அங்கிள், இது சரிவராது" என்றார். அரை மணி நேரம் தடுமாறிய பின்னர், வாசித்த குறிப்பொன்று நினைவுக்கு வந்தது: அலகின் மேல்விளிம்பைச் சற்றே முன்னோக்கிச் சரித்துப் பிடிக்க வேண்டும். சரித்தேன். நடுக்கம் நின்றது. அலகு ஓசையின்றி நீருக்குள் சென்றது. ஓசையின்றி வெளியே வந்தது. கைகளை உயர்த்தத் தேவையில்லை. மடிக்கு மேலே தாழ்வாக வைத்துக்கொண்டு இடுப்பைத் திருப்பினால் போதும். பயிற்றுநர் நூறு தடவை சொன்னதும் அதைத்தான்.

அந்த ஓசையின்மைதான் என்னை உலுக்கியது. கிளாலியில் அந்த அம்மாவின் கைகளில் கேட்காத அதே ஓசை. நான் வலிப்பதை நிறுத்திவிட்டுக் கண்டல் மர நிழலில் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

மரத்துடுப்பு எல்லாவற்றிலும் மேலானது என்று நான் வாதாட வரவில்லை. காபன் இழைத் துடுப்பு இதைவிட இலேசானது. கற்களில் பட்டால் மரம் நசியும். எண்ணெய் தேய்க்க மறந்தால் வெளிறி வெடிக்கத் தொடங்கும். விரைந்து திரும்ப வேண்டிய அலையிலே அகன்ற அலகுக்கு இருக்கும் பிடி இதற்குக் குறைவு. ஆனால் என் தோள் நோவு ஒரு மாதத்தில் அகன்றது. வெயிலில் கிடந்தாலும் கை சுடுவதில்லை. கவிழ்ந்தால் அருகிலேயே மிதந்துகொண்டு காத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் களப்பை விட்டு வெளியேறுவதில்லை. அது ஓய்ந்து, கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை கடல் அடங்கியிருக்கும் காலத்தில், கரையோரமாகச் சிறிது தூரம் போய் வருகிறேன். வெள்ளவத்தைப் பாறைகளில் அமர்ந்து பார்த்த அதே கடல்தான்.

கடந்த மாசி மாதம் யாழ்ப்பாணம் சென்றபோது சவளையும் கொண்டு சென்றேன். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் எவரும் கிளாலியால் கடப்பதில்லை. புனித யாகப்பர் ஆலயத்துக்கு அருகே சில மீனவர்களே நின்றனர். இரவல் வாங்கிய கயாக் ஒன்றை இறக்கி, காலை ஏழு மணிக்கு நீரேரிக்குள் சென்றேன். மகளும் கூட வந்திருந்தாள். முதல் நாள் இரவுதான் அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். அவள் கரையில் நின்றாள்.

கரை சிறுத்துத் தெரியும் தூரம் சென்றபின் சவளைச் செங்குத்தாக நீருக்குள் இறக்கினேன். பாதிக்கு மேல் சென்றதும் மணல் தட்டியது. இன்னும் சற்றுத் தூரம் சென்று இறக்கினேன். மறுபடி மணல். இன்னோர் இடம். அங்கும் மணல். முப்பது ஆண்டுகளாக என் கனவில் அடியில்லாமல் கிடந்த நீர், பல இடங்களில் என் கழுத்தளவுகூட இல்லை. அன்றிரவு பயந்து அழுத குழந்தையும், சவள் வலித்த அந்த அம்மாவும், வேறு இரவுகளில் இதே நீரில் மாண்டவர்களும் நினைவில் நிரம்பினர். அவர்களைக் கொன்றது ஆழம் அன்று. கரைக்குத் திரும்பும்வரை ஒரு சொட்டு ஓசையும் எழாமல் வலிக்கப் பார்த்தேன். ஏறத்தாழ முடிந்தது.

கொழும்பு திரும்பியதும் ஓடாவியாரிடம் சென்று, நீரேரி ஆழமில்லை என்ற விஷயத்தைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

"இரவிலை எல்லாம் ஆழந்தான் தம்பி" என்றார்.

பின்னர் சவளை வாங்கி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மண்ணிலை குத்தியிருக்கிறீர். நுனி பூப்பூத்துப் போச்சு. வைச்சிட்டுப் போம், சுரண்டி எண்ணெய் போட்டுத் தாறன். வாற சனிக்கிழமை வாரும்."